நான் சூடான சாம்பார் வைக்கவில்லை

என் வீட்டுக்காரரை மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தது நீங்கள்தான். ஆலங்குளத்தில் பட்டறை வைத்து வேன்களைக் கேரவனாக மாற்றிக் கொடுக்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் படிக்கும்போதே உங்களுக்கு விளங்கிவிடும்.

உங்கள் முகநூல் பக்கத்தில் எங்கள் வண்டியின் வீடியோவைப் போட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே, பிரிட்ஜ் ஓடவில்லை என்று நான் எழுதினேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில் இது: "வீட்டம்மா சூடான சாம்பாரைத் தூக்கி உள்ளே வைத்தால் எந்த பிரிட்ஜும் நிற்கத்தான் செய்யும். வண்டியில் குறை இல்லை." கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. அதைப் பார்த்து இன்னும் பல பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். என் மருமகன் அதைப் பார்த்துவிட்டு மகளிடம் காட்டியிருக்கிறார். மகள் எனக்குப் போன் போட்டாள்.

"எம்மா, நெசமாவே சாம்பார வச்சியா?"

நான் பெற்ற பிள்ளை கேட்கிறாள். அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. மாத்திரை போதாமல் போய், இப்போது காலையில் ஓர் ஊசி, இரவில் ஓர் ஊசி. இன்சுலின். முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான மருந்தகத்தில் அதை மாதக்கணக்குக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். கெட்டுப்போனதும் தெரியாது. பால் கெட்டால் திரியும், மீன் கெட்டால் நாறும். இது தண்ணீர் மாதிரி தெளிவாக அப்படியே இருக்கும். ஊசியில் ஏற்றலாம், குத்தலாம், உடம்புக்குள் போய் ஒரு வேலையும் செய்யாது.

எங்கள் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டி முடியும் வரை வாடகைக்கு வீடு பார்ப்பதை விட, அவர் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட கேரவனைச் செய்து அதிலேயே இருந்துவிடலாம் என்றார். பிறகு ஊர் சுற்றவும் ஆகும் என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அதை உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து உங்களிடமே சொன்னேன்.

"கட்டில் சின்னதா இருந்தாலும் சரி, அடுப்பு ஒண்ணு போதும். பிரிட்ஜ் மட்டும் நிக்கக் கூடாது. அதுல இவுக இன்சுலின் இருக்கும்."

"அக்கா, நம்ம பிரிட்ஜ்ல ஐஸ்கிரீமே உருகாது. நீங்க நிம்மதியா போங்க."

இதை நீங்கள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

வண்டியை எடுக்கிற அன்று உங்கள் பட்டறையிலேயே பூஜை போட்டோம். மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். உங்கள் ஆட்களில் ஒருவர் சூடம் காட்டினார், ஒருவர் போனில் வீடியோ எடுத்தார். பிறகு நீங்கள் உள்ளே போய் ஒரு பெரிய ஸ்டிக்கரைச் சுருட்டி எடுத்துவந்தீர்கள். "அண்ணாச்சிக்கு நம்ம கிஃப்ட்" என்றீர்கள். சிவப்பில் மஞ்சள் எழுத்து, "சாஸ்தா துணை". எங்கள் குலதெய்வம் சாஸ்தா என்று இவர்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். கீழே சின்ன எழுத்தில் உங்கள் பட்டறைப் பெயரும் போன் நம்பரும். அதை வண்டியின் வலப்பக்கம் நீங்களே ஒட்டினீர்கள். ஒரு முனையை இவர் பிடித்திருந்தார். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து நேரே குற்றாலம் வந்தோம். மேலகரம் பக்கம் என் நாத்தனாருக்கு ஒரு தென்னந்தோப்பு. நாத்தனார் குடும்பம் திருநெல்வேலியில் இருக்கிறது. தோப்பில் வீடு கிடையாது, மோட்டார் ரூம் மட்டும்தான். அந்தக் கரண்டில் ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாம் என்றேன். "அது விவசாயத்துக்கு அரசாங்கம் சும்மா குடுக்க கரண்டு. அதுல பிரிட்ஜ் ஓட்ட மாட்டேன்" என்றார். பட்டாளத்துக்காரர், ஒன்றும் சொல்ல முடியாது. பேட்டரியும், கூரை மேல் சோலார் தகடும்தான் எங்களுக்கு. நிழலில் நிறுத்தினால் சோலார் வேலை செய்யாது, வெயிலில் நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். தோப்பின் நடுவில் மரம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினோம்.

ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் அடிக்க வேண்டிய நேரம். இந்த வருடம் காற்றுதான் அடித்தது, சாரலைக் காணோம். வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. அருவியில் தண்ணீர் கொஞ்சமாக விழுந்தது, கூட்டம் மட்டும் குறையவில்லை.

வந்த நாலாம் நாள் மத்தியானம் மோர் எடுக்கக் கதவைத் திறந்தேன். மோர் வெதுவெதுப்பாக இருந்தது. பிரிட்ஜில் சத்தமே இல்லை. கதவுக்குக் கீழே ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு எரிந்தது. உங்களுக்குப் போன் போட்டேன். "மத்தியானம் அப்படித்தான் இருக்கும் அக்கா, சாயங்காலம் சரியாயிரும்" என்றீர்கள். சாயங்காலம் ஓடத்தான் செய்தது. காலையில் மோர் ஜில்லென்று இருந்தது. மறுநாள் மத்தியானம் மறுபடியும் செத்துக் கிடந்தது.

தென்காசியிலிருந்து ஒரு பிரிட்ஜ் மெக்கானிக்கை வரச் சொன்னோம். அவர் காலை எட்டு மணிக்கு வந்தார். எட்டு மணிக்கு அது கும்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான அண்ணாச்சி ஓடுது?"

"காலைல ஓடும். மத்தியானம் நின்னுரும்" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இவரிடம் கேட்டார்: "வீட்டுல கதவ அடிக்கடி தொறக்காவளோ?"

"என்கிட்ட கேளுங்க. நான் இங்கனதான நிக்கேன்."

"இல்லக்கா, பொம்பளையாளு என்ன எடுக்கலாம், என்ன வைக்கலாம்னு தொறந்து வச்சிக்கிட்டே யோசிப்பாங்க. அதச் சொல்லுதேன்."

"நான் தொறக்க முன்னாலயே யோசிச்சிருவேன். நீங்க மத்தியானம் வந்து பாருங்க."

"மத்தியானம் வர்றதுக்கு நேரம் இல்ல. கேஸ் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு" என்றார். எதை வைத்துக் குறைந்தது என்று சொன்னார் என்று கேட்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். தட்டிப் பார்த்தே கேஸ் கண்டுபிடிக்கிறவர். கிளம்பும்போது, "சூடா எதையும் வைக்காதீங்க" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாள் ஆறாத பாலை வைத்தேன். ஒரு டம்ளர் பால். சாம்பார் என்பது நீங்கள் உங்கள் வாயால் காய்ச்சியது.

அடுத்த வாரம் இவருக்குச் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் தினமும் எண் கூடிக்கொண்டே போனது. ஊசி நேரம் தவறாமல் போட்டார். சாப்பாடு நான் அளந்து போட்டேன். அப்படியும் ஏறினால் என்ன அர்த்தம்? திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் ரோட்டு வரைக்கும் டீ குடிக்கப் போவார். அங்கே நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா எல்லாம் தொங்கும். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு பீடிக் கட்டு கூட இல்லை. அப்போதும் நான் நம்பவில்லை.

"என்னத்தத் தின்னீங்க? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணும் திங்கல."

"பொறவு எப்படி ஏறும்? காத்தையாவா தின்னீங்க?"

"ஏட்டி, நான் ஏன் பொய் சொல்லுதேன்? எனக்கென்ன பயமா?"

 மறுநாளிலிருந்து அவர் டீக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நான் நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மெக்கானிக் என்னைப் பார்த்துச் சொன்னதையே நான் அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். இதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் மட்டும் தப்புச் செய்தவர் என்று நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். வரிசை நீளம். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். நான் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டு வருகிறேன், அவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். தலை நனையவில்லை.

"குளிக்கலயா?"

"காலு வரல. தண்ணி இருந்தா குடு."

அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். நாக்கு மரக்கட்டை மாதிரி காய்ந்திருந்தது. பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தார். தென்காசி ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது.

குளுக்கோஸ் பாட்டில் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீராம். அதோடு ஆஸ்பத்திரியின் இன்சுலின். மறுநாள் காலையில் எண் இறங்கிவிட்டது. அதன் பிறகு அங்கே போட்டது, வண்டியில் இவர் போட்டுக்கொண்ட அதே அளவுதான். அங்கே இறங்குகிறது, இங்கே இறங்கவில்லை. அங்கே பார்த்த டாக்டர் அம்மா சின்னப் பெண். என்னிடம்தான் கேட்டார்.

"மருந்த எங்க வச்சிருந்தீங்க?"

"பிரிட்ஜ்ல."

"பிரிட்ஜ் முழு நேரமும் ஓடுதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மத்தியானத்து மோர் ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் நான் மோரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன், மோருக்குப் பக்கத்தில் இருந்த மருந்தைப் பற்றி யோசிக்கவில்லை. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்ததே, அது போதும் என்று இருந்துவிட்டேன். தினமும் மத்தியானம் அது வெந்து, இரவில் குளிர்ந்திருக்கிறது.

"இருக்கதெல்லாம் தூரப் போட்டுருங்க. புதுசு வாங்குங்க. ஆனா மறுபடியும் அதே பிரிட்ஜ்ல வைக்காதீங்க" என்றார்.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவரிடம், "நீங்க ஒண்ணும் திங்கலன்னு இப்பம் தெரிஞ்சுபோச்சு" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எனக்கு அப்பமே தெரியும்" என்றார்.

மூன்றாம் நாள் விட்டார்கள். புது மருந்தை பிளாஸ்கில் வைத்து, ஜூஸ் கடையில் காலையும் மத்தியானமும் ஐஸ் வாங்கிப் போட்டேன். எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவது? வீடு கட்டி முடிய இன்னும் இரண்டு மாதம். இரண்டாவதாக ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். மத்தியானம் வந்தார், அதற்கு அவருக்கு நன்றி. மீட்டரை வைத்துப் பார்த்து, பேட்டரியில் கரண்ட் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருந்தால் ஏன் ஓடவில்லை என்றேன். நான் அந்தச் சிவப்பு லைட்டை உட்கார்ந்து எண்ணியிருந்தேன். ஐந்து தடவை மின்னும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஐந்து தடவை. ஒரு தடவை கூட நாலோ ஆறோ வரவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"அது சும்மா பவர் லைட்டுக்கா."

"சும்மா எரியிற லைட்டு எதுக்குக் கணக்கா அஞ்சு தடவ எரியணும்?"

"அண்ணாச்சி, அக்கா டீச்சரா?" என்று இவரைக் கேட்டுச் சிரித்தார். வண்டியை ஒரே இடத்தில் போட்டிருப்பதால் பேட்டரி மந்தமாகிவிட்டதாம். ஒரு நீள ஓட்டம் ஓட்டினால் எல்லாம் சரியாகுமாம்.

அன்றைக்கு உங்களுக்கும் போன் போட்டேன். ஐந்து தடவை மின்னுகிறது என்றேன். நீங்கள் சொன்ன பதிலை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன்.

"பிரிட்ஜ் உங்களப் பாத்துக் கண்ணடிக்குது போலக்கா."

இவருக்கு என்ன ஆனது என்று சொன்ன பிறகு இப்படிச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று சொன்ன பிறகு. பிரிட்ஜோடு வந்த புத்தகத்தைக் கொடுங்கள் என்று கேட்டேன். "அது எல்லாம் இங்கிலீஷ், உங்களுக்கு எதுக்கு?" என்றீர்கள். ஐந்து என்றால் என்ன என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, பிறகு நெட்டில் தேடிப் பார்த்தேன். நீங்கள் அதைத் திறந்து பார்த்திருந்தால் என் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தக் கோபத்தில்தான் உங்கள் வீடியோவுக்குக் கீழே எழுதினேன். சாம்பார் கதை வந்தது அதற்குப் பிறகு.

எலக்ட்ரீஷியன் நீள ஓட்டம் ஓட்டச் சொன்னாரே என்று மறுநாள் செங்கோட்டை வழியாகப் புளியறைக்குப் போனோம். மலையேற வேண்டாம், செக்போஸ்ட் வரை போய்த் திரும்பலாம் என்றார் இவர். அங்கே ரோட்டோரக் கடையில் வண்டியை நிறுத்தியபோது உச்சி வெயில். பிரிட்ஜ் நின்றிருந்தது. சிவப்பு லைட் ஐந்து, ஐந்து, ஐந்து. நான் வண்டிக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து வாய்விட்டே திட்டினேன். யாரை என்று சொல்லத் தேவையில்லை.

பக்கத்தில் கொல்லத்திலிருந்து வந்த மீன் லாரி நின்றது. அதன் டிரைவர் பரோட்டா தின்று கை கழுவிக்கொண்டிருந்தார். என் சத்தத்தைக் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்தா சேச்சி, பிரிட்ஜோட சண்டையா?"

"ஓடமாட்டேங்குது. எல்லாரும் என்னையே சொல்லுதானுவ."

அவர் குனிந்து லைட்டைப் பார்த்தார். விரல் மடக்கி எண்ணினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எண்ணிய முதல் ஆள் அவர்தான்.

"அஞ்சு. அஞ்சுன்னா சூடாணு சேச்சி. என் கேபின்லயும் தண்ணிக்கு இது மாதிரி சின்னது ஒண்ணு உண்டு. கேஸும் இல்ல, பேட்டரியும் இல்ல. பின்னால காத்து போகல, சூடாகி அதுவே நிக்குது. ராத்திரி ஓடும் இல்லே?"

"ஓடும்!"

"பின்னே என்ன. இதுக்குக் காத்து போற வழி எங்க வச்சிருக்கு?"

எங்களுக்கு என்ன தெரியும்? மூன்று பேரும் வண்டியைச் சுற்றி வந்தோம். வலப்பக்கம், பிரிட்ஜ் இருக்கிற இடத்துக்கு நேர் வெளியே, அவர் நின்றார். "சாஸ்தா துணை" மேல் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்துவிட்டார். நான் வைத்துப் பார்த்தேன். தோசைக்கல். விரலால் அழுத்தினால் ஸ்டிக்கருக்கு அடியில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகக் குழிந்தது.

"அடைச்சு வச்சிருக்கு" என்றார். "இத எடுத்தா தீர்ந்து."

"எடுங்க."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொட மாட்டேன் சேச்சி. தெய்வத்தோட பேரு. நானும் மாலை போடுறவனாக்கும்."

இவரைப் பார்த்தேன்.  "வேற வழி ஏதாவது பாப்போம். இன்னொரு பக்கம் ஓட்டை போடச் சொல்லலாம்" என்றார். இரண்டு ஆம்பிளைகள், ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர், ஒருவர் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவர். ஒரு காகிதத்தை உரிக்கக் கை வரவில்லை. இதற்கு முன் வந்த இரண்டு பேரும் அந்தப் பக்கமாகத்தான் வந்து போனார்கள். அந்த எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கும்பிட்டார்களே தவிர, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

நான் உள்ளே போய்த் தோசைக்கரண்டியை எடுத்துவந்தேன்.

"ஏட்டி, கைய எடு. சாமி பேருட்டி அது."

"சாமி பேருதான். அதுக்குப் பின்னால உங்க உசுரு வேவுது."

"நம்ம குலதெய்வம்ட்டி!"

"நம்ம குலதெய்வம்னா நம்மளப் பத்தித் தெரியும். நீங்க சும்மா நில்லுங்க."

ஒரு முனையில் கரண்டியைக் கொடுத்து இழுத்தேன். வெயிலில் பசை இளகியிருந்ததால் பாதி நன்றாக வந்தது, மீதி கிழிந்தது. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தாற்போல் சூட்டுக் காற்று முகத்தில் அடித்தது. மீன் லாரிக்காரர் ஒரு செம்புத் தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னார், பிறகு கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். பயந்து கும்பிடவில்லை. பிரிட்ஜை அணைத்துவிட்டு டீ குடித்தோம். இவர் குடிக்கவில்லை. டீ முடிந்து சுவிட்சைப் போட்டேன். உள்ளே கும்மென்று சத்தம் வந்தது. உச்சி வெயிலில், இத்தனை நாளில் முதல் தடவையாக.

 இவர் கிழிந்த துண்டுகளை மடித்து, வண்டிக்குள் சாமி படம் இருக்கிற இடத்தில் வைத்தார். அடுத்த நாள் மத்தியானம் தானாகவே பிரிட்ஜைத் திறந்து மோரைத் தொட்டுப் பார்த்தார். "குளுந்துதான் இருக்கு" என்றார். பிளாஸ்கிலிருந்த மருந்தை அவரே எடுத்து உள்ளே வைத்தார். அதன் பிறகு சர்க்கரை இறங்கியது.

உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் போனில் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"அந்த ஓட்டைய மூடுனது நீங்கதான்."

"அக்கா, சாமி ஸ்டிக்கரு அண்ணாச்சி ஆசப்பட்டாவ, ஒட்டுனேன். நான் என்ன செய்ய?"

"ஓட்டை எதுக்கு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவுகளுக்கா, உங்களுக்கா?"

"சல்லடையா தெரிஞ்சா பாக்க நல்லாவா இருக்கு? வீடியோ எடுக்கணும்லா. மழத்தண்ணியும் போவாது. எல்லா வண்டிக்கும் அங்கனதான் ஒட்டுதோம். நீங்க சாமி விசயத்தப் பெருசு பண்ணாதீங்க."

காற்று போவதற்கு ஓட்டை போட்டதும் நீங்கள். பார்க்க நன்றாக இல்லை என்று மூடியதும் நீங்கள். உங்கள் பூஜை வீடியோவிலேயே இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்: முதலில் ஓட்டைகள் தெரிகின்றன, பிறகு நீங்கள் துணியால் நீவி நீவி ஸ்டிக்கரை ஒட்டுகிறீர்கள். அந்த இடத்தைப் படம் எடுத்து உங்கள் பக்கத்தில் போட்டேன். அழித்துவிட்டீர்கள். இரண்டாம் தடவை போட்டேன், என்னை வெளியே தள்ளிவிட்டீர்கள். சாம்பார் பதிலை மட்டும் அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

இவர், "விட்டுரு. நம்ம ஆளு. பட்டாளத்துல எனக்குப் பொறவு வந்தவன்" என்கிறார். நம்ம ஆள் என்றால் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்திருக்க வேண்டும். விட்டுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன், போன ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று பழைய குற்றாலம் வண்டி நிறுத்துமிடத்தில் மூன்று கேரவன்களைப் பார்த்தேன். உங்கள் வேலைதான். மூன்றிலும் வலப்பக்கம் அதே இடத்தில் ஸ்டிக்கர். ஒன்றில் முருகன் துணை, ஒன்றில் மாதா துணை, ஒன்றில் அம்மன். ஆளுக்கு ஏற்றபடி சாமியை மாற்றியிருக்கிறீர்கள், இடத்தை மாற்றவில்லை. ஒரு வண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன்.

"மத்தியானம் மட்டும் நின்னுருதுக்கா. நான்தான் கதவ ஒழுங்கா மூடலன்னு இவுக ஏசுதாவ" என்றாள்.

அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஸ்டிக்கரை உரியுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமி பேரக் கிழிக்கச் சொல்லுதீயளே, நீங்க எந்தக் கூட்டம்?" என்று கேட்டார். மற்ற இரண்டு வண்டிகளுக்கும் நான் போகவில்லை. போனாலும் அதே பதில்தான் வரும். வழியில் நிற்கிற பொம்பளை சொன்னாள் என்று ஒருவரும் அதில் கை வைக்க மாட்டார்கள். ஒட்டியவர் சொன்னால் வைப்பார்கள்.

ஆகவே எனக்குத் தனியாகப் போன் போட வேண்டாம், இவரிடம் சமாதானம் பேச ஆள் அனுப்பவும் வேண்டாம். என்னைச் சாம்பார் வைத்தவள் என்று எந்த இடத்தில் எழுதினீர்களோ அந்த இடத்தில், அத்தனை பேரும் சிரித்த அதே வீடியோவுக்குக் கீழே, உங்கள் பெயரில் பதில் எழுதுங்கள். இதுவரை எத்தனை வண்டிகளில் காற்று வழியை மூடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள்? அந்த வண்டிக்காரர்களிடம் அதை உரிக்கச் சொல்லப்போவது எப்போது?